மேற்கால துண்டு

"மேற்கால துண்டு எனக்கு இருக்கட்டும்ண்ணே."

பாகப்பிரிவினையில் அறிவழகன் இப்படிக் கேட்டதுமே அண்ணி மலர்கொடிக்கு வயிறு பத்திக்கொண்டது.

செந்துறைப் பக்கம் மாமனார் வாங்கிப்போட்டு எட்டியே பார்க்காத தரிசு அது. சீமைக்கருவேல் மண்டி, உள்ளே கால் வைக்க முடியாது. எந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்று யார் கண்டது?

கொழுந்தன் கண்டிருப்பான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயர் ஆயிற்றே! நேற்று முழுக்க அவனும் பொண்டாட்டி லாவண்யாவும் அந்த நிலத்து மேப்பை விரித்துவைத்துக்கொண்டு குசுகுசுவென்று ஒரே பேச்சு.

காபி கொடுக்கும் சாக்கில் மலர்கொடியும் எட்டிப் பார்த்துவிட்டாள். மேப்பில் பழுப்புக் கோடுகள். கிழக்கே ஒன்றோ இரண்டோ. மேற்கே மட்டும் நெருக்கி நெருக்கி.

அடுப்படியில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனையும் நீரோட்டங்க! தண்ணி இல்லாம வருசா வருசம் ஆட்ட வித்துக்கிட்டுக் கெடக்கோம். உங்க தம்பி நைசா அமுக்கப் பாக்குறாரு!"

"அவன் அப்படிப்பட்டவன் இல்லடி," என்றான் பழனிவேல்.

"ஆமா, பெரிய தர்மராசா!"

அவளே கூடத்துக்கு வந்தாள்.

"மேற்கால துண்டு எங்களுக்குத்தான் வேணும் தம்பி."

"அண்ணி, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லதா இல்லாமயா முந்திக்கிட்டுக் கேட்டீங்க?"

அறிவழகன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"சரிங்கண்ணி. எடுத்துக்குங்க."

அதற்கப்புறம்தான் மலர்கொடிக்குச் சோறு இறங்கியது.

முள்ளை வெட்டினார்கள். போர் போட்டார்கள். புழுதிதான் பறந்தது. ஐப்பசியில் நல்ல மழை. மேற்கால துண்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. விழுந்ததெல்லாம் சரிந்தோடி, கிழக்கே கொழுந்தன் நிலத்தில் குளமாய்க் கிடந்தது.

மலர்கொடிக்குத் தாங்கவில்லை. வேலியோரம் நின்று கத்தினாள்.

"கோட்டக் காட்டி ஏமாத்திட்டீங்களே! படிச்ச புத்தியக் காட்டிட்டீங்களே!"

"ஏன்க்கா கத்துறீங்க?" என்றாள் லாவண்யா. "உங்க பக்கம் படல் வச்சிருக்கோம், தொறந்துதான் கெடக்கு. ஆட்ட ஓட்டிட்டு வந்து தண்ணி காட்டுங்க."

"ஏமாத்தி வாங்கிட்டு எனக்குப் பிச்சை போடுறியா?"

லாவண்யாவுக்கும் பொறுக்கவில்லை.

"அக்கா, மேப்புல கோடு நெருக்கமா இருந்தா அது மேடு. எங்களுக்குச் சம்பளம் வருது, உங்க ஆட்டுக்குத் தண்ணி நிக்கிற பள்ளம் உங்களுக்குக் கெடைக்கட்டும்னுதான் அன்னிக்கு இவரு மேட்டக் கேட்டாரு."