சிவப்பு கிடாரின் மூட்டுவலி

பழைய வாத்தியக் கடையில் சிவப்பு எலெக்ட்ரிக் கிடார் எப்போதும் இருமிக்கொண்டே இருக்கும். "நான் அறுபது வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் பிறந்தவ. கீறலைப் பார்த்தாலே தெரியலையா? மூட்டெல்லாம் வலி!"

"நமக்கெல்லாம் வயசாச்சுக்கா" என்று பக்கத்து ஆம்ப்ளிஃபயரும் முனகும்.

ஒருநாள் வாங்க வந்தவர் அசல்தானா என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவரால் கிடாரின் கழுத்தைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்த ஸ்க்ரூடிரைவர் கத்தியது: "போன வருஷம் செஞ்சதுன்னு தேதி போட்டிருக்கு! கீறல் எல்லாம் உப்புத்தாளால தேய்ச்ச வேலை!"



"அப்போ எனக்கு மூட்டுவலியே இல்லையா?" என்றது கிடார்.

"எப்படி இருக்கும்? நீ குழந்தை!" என்றது ஸ்க்ரூடிரைவர்.

கழுத்தில்லாமலே கிடார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

ஆம்ப்ளிஃபயர் மெல்லத் தொண்டையைச் செருமியது. "ஸ்க்ரூடிரைவர் அண்ணே, என் முதுகையும் கொஞ்சம் திறந்து பாருங்களேன்."