பதினேழாம் எண் படகு

எல்லாப் படகுகளும் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் நகரவில்லை.

அவள் கேமராவின் நீண்ட லென்ஸை அதன்மேல் நிறுத்தினாள்.

மிதிபடகு. இரண்டு பேர் உட்காருவது. ஒருவர்தான் இருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பெடலில் கால் வைக்காமல், வேட்டி நனையாதபடி கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கரையையே பார்த்திருந்தார்.

மே மாதத்தில் ஏற்காடு ஏரிக்கு வருகிறவர்கள் தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். படகு ஆடினால் கூச்சல் போடுவார்கள். பட்டு உடுத்திக்கொண்டு தனியாக யாரும் வருவதில்லை.

முகம் தெளிந்து வந்தது.

முகவாயில் ஒரு குழி. இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே.

விடியற்காலையிலிருந்து அந்த முகத்தைத்தான் அவள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பூ வைக்கும்போது. மாலை மாற்றும்போது. தாலி ஏறிய நொடியில். வயது மட்டும்தான் வேறு.

கல்யாணப் பெண்ணின் அப்பா.

காலையில் பெண்ணின் மாமா சதாசிவம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"வாணிக்கு அம்மா இல்லீங்க. மூணாவது படிக்கறப்பவே போயிட்டாங்க. அப்பா இருக்காரு, ஆனா வரமாட்டாரு. ஆல்வினைக் கட்டுனா எம் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிப்போட்டாரு. அவரு பேச்சை மட்டும் எடுத்துராதீங்க."

மாமாதான் கையைப் பிடித்துக் கொடுத்தார்.

வெள்ளை ரோஜாப் பந்தல். தண்ணீர்வரை இறங்கும் புல்வெளி. ஓரமாக ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் அழகாகவே இருந்தது.

சிரிக்கச் சொன்னபோதெல்லாம் வாணி சிரித்தாள். சொல்லாதபோது வாசலைப் பார்த்தாள்.

மாமாவிடம் சொல்லலாம். சொன்னால் நாலு பேர் கரைக்கு ஓடுவார்கள். கை காட்டிக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள். எப்படியானாலும் படகு திரும்பிப் போய்விடும்.

பெண்ணிடம் சொல்லலாம். அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பந்தலுக்குப் போனாள்.

"ரெண்டு பேரும் படகுத்துறைக்கு வாங்க. பத்தே நிமிஷம்."

"இந்த வெயில்லயா?" என்றான் ஆல்வின்.

நியாயமான கேள்வி. மணி பதினொன்றரை. இந்த நேரத்தில் வெளியே நிற்க வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். ஒரு படமும் தேறாது.

"நல்லா வரும், வாங்க."

மரப்பலகைத் துறையின் நுனியில் இருவரையும் நிறுத்தினாள். ஏரியைப் பார்த்தபடி. தான் குறுக்கே நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

"தலையை நிமிர்த்துங்க. மாலையைக் கொஞ்சம் ஒதுக்குங்க வாணி. தாலி தெரியட்டும்."

பேருக்கு நாலைந்து படம் எடுத்தாள்.

வெறும் கண்ணுக்கு அந்தப் படகு ஒரு மஞ்சள் புள்ளி. உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான்.

வாணியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. வெயில்தான் காரணம் என்று படம் எடுப்பவள் நினைத்தாள்.

படகு அசைந்தது. கொஞ்சம் கிட்டே வந்தது. மறுபடி நின்றது.

எதிர்க்கரையிலிருந்து ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"பதினேழாம் நம்பர் போட், டைம் முடிஞ்சிருச்சு. கரைக்கு வாங்க. பதினேழு."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினேழு. உங்களைத்தான் சார்."

இனி நேரமில்லை.

"கிழக்கைப் பாத்து ஒரு கும்பிடு போடுங்க," என்றாள் அவசரமாக. "முட்டி போட்டு. ஆல்பத்துக்கு வேணும்."

"கிழக்கு அந்த மலைப் பக்கமில்லீங்களா?" ஆல்வின் பின்னால் கை காட்டினான்.

வாணி அதற்குள் முட்டி போட்டிருந்தாள்.

பலகை கொதித்துக் கிடந்தது. உள்ளங்கைகளை அதில் ஊன்றி, நெற்றி படும்வரை குனிந்தாள். மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தன.

ஆல்வின் அவளைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான். பிறகு அவனும் பக்கத்தில் குனிந்தான்.

அவள் லென்ஸைத் திருப்பினாள்.

அவர் எழுந்து நின்றிருந்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்திருந்தார். மற்றக் கை நெஞ்சுவரை வந்து நின்றது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு உயர்ந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

ஆல்வின் எழுந்துவிட்டான். வாணி எழவில்லை.

ஒலிபெருக்கி இன்னொரு முறை கூப்பிட்டு ஓய்ந்தது. அவர் உட்கார்ந்தார். வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெடலை மிதித்துப் படகைத் திருப்பினார்.

வாணி எழுந்தபோது கண்மை கன்னம்வரை வந்திருந்தது. அதைத் துடைக்கவில்லை. கேமராவைத்தான் பார்த்தாள்.

"அக்கா, இதுல உங்களுக்கு நல்லாத் தெரியுமில்ல? லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரா பாருங்களேன். அவருக்கு நீச்சல் வராதுங்க்கா."

அவள் மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தாள்.

ஜாக்கெட் பக்கத்து இருக்கையில் கிடந்தது. பட்டுச் சட்டை கசங்காமல் இருந்தது.

"போட்டிருக்காரு," என்றாள்.