கத்தி பிடித்த சீடர்

ஜானட்டிடம் இதை முதலில் வந்து சொன்னவள் மீன் விற்கும் சொக்கம்மாள்.

"மாதா கோயில் ஹால்ல புதுசா படம் மாட்டிகீறாங்க. புயல்ல மாட்டுன படகு. யூதாசுக்கு உன் வூட்டுக்காரரு மூஞ்சிய வெச்சிகீறான் அந்த படம் வரையிற சாவியோ."

ஜானட் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், புயலில், நடுக்கடலில் வலைக்கயிற்றை அறுத்துவிட்டவன் அவள் கணவன் நெல்சன். ஏன் அறுத்தாய் என்று படகு முதலாளி கேட்டதற்கும் பதிலில்லை. மனைவி கேட்டதற்கும் பதிலில்லை. போன வலைக்கு ஈடாக அவன் பங்குப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். கல்மண்டபம் பகுதி முழுவதும் 'வலையறுத்தான்' என்றே பெயர். மகளுக்குச் சம்பந்தம் கூடிவரும் நேரத்தில் இப்போது படமும் வந்துவிட்டது.

ஹாலில் ஆறடி எண்ணெய் ஓவியம். கறுத்த வானம். படகில் இயேசுவின் சீடர்கள் கண்மூடிக் கைகூப்பியிருக்க, ஒருவர் மட்டும் அவர்களுக்கு முதுகுகாட்டிக் குனிந்திருந்தார். கையில் கத்தி; கைமேல் சிவந்த ஒரு கீற்று. திரும்பிய பாதி முகம் நெல்சனுடையதேதான்.

"எல்லாரும் ஜெபிக்கிறாங்க, இது மட்டும் கத்திய எடுத்துகினு கீது. ரத்தம் வேற," என்று பார்க்க வந்தவர்களுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தாள், பூசைக்குத் தவறாமல் வரும் ஃபாத்திமா.

ஓவியன் சாவியோ ஓரமாக நின்றிருந்தான். ஜானட் நேரே அவனிடம் போனாள்.

"இன்னா சாவியோ, அவரோட ஒரே படகுல போனவன்தானே நீ? ஞாயித்துக்கிழம மாப்ள வூட்டுக்காரங்க பூசைக்கு வராங்க. அந்த மூஞ்சிய அழிச்சுடு."

"அது ரத்தம் இல்ல அண்ணி, வெளிச்சம். வானம் கிழிஞ்ச எடத்துலேர்ந்து நேரா அவரு கைமேல வுழுது. வேற யாருக்கும் நான் அத்த வெக்கல."

"வெளிச்சம் கெடக்கட்டும். கத்தி எதுக்கு?"

"எல்லாரும் கத்தியவே பாக்குறீங்க. கயிறு எங்க போவுதுன்னு பாருங்க."

ஜானட்டின் பார்வை கயிற்றோடு கீழிறங்கியது. படகின் விளிம்பை இறுகப் பற்றிய ஐந்து விரல்கள். நுரைக்கடியில், கரும்பச்சை நீரில், கயிற்றுச் சுருக்குக்குள் ஒரு கால்.

சாவியோ கைலியைச் சற்றே தூக்கினான். கணுக்காலைச் சுற்றி வெளுத்த தழும்பு.

"மத்தவங்க கண்ண மூடிகினு இருந்தாங்க. அண்ணன்தான் பாத்தாரு. எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்த நேரம். வெளிய தெரிஞ்சா வலக்காசு என் தலையில வுழும்னு, 'நீ வாயத் தொறக்காதடா'ன்னாரு. நானும் தொறக்கல."

ஃபாத்திமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

ஜானட் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூச்சு முழுதாக வந்தது. "இத்தன நாளா அந்த மனுசன திட்டித் தீத்துட்டேனே," என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஞாயித்துக்கிழம படத்துக்கு நானே எல்லார் முன்னாடியும் வெளக்கம் சொல்றேன் அண்ணி. இது படம் வரைஞ்ச கூலி. முதலாளிகிட்ட கணக்கு கேட்டு, கொறஞ்சத கைலேர்ந்து போட்டுகீறேன்."

அவன் நீட்டிய உறையில் இருந்தது, நெல்சன் பங்கில் பிடித்த தொகை அத்தனையும்: நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.