முதல் தோசை

அப்பாவின் சட்டையைக் கழுவப் போடும்போதுதான் பையிலிருந்து அந்த அட்டை விழுந்தது.

துஷ்யந்தி எடுத்துப் பார்த்தாள். கண்டி டவுனில் இருக்கிற அதே கிளினிக். அவள் போய்க் காட்டிவிட்டு வந்த அதே டாக்டர். பெயர்: எஸ். செல்லச்சாமி. வயது: 59. சனிக்கிழமை காலை பத்து மணி. கீழே பேனாவால், 'மூக்கு ஆபரேஷன் விஷயமாக' என்று எழுதியிருந்தது.

"அம்மா! இங்க வந்து பாருங்க. உங்க புருஷன் மூக்க அழகு பண்ணிக்கப் போறாராம்."

பரிமளம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அட்டையை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அறுபது வயசாகப் போவுது, இவருக்கு என்னாத்துக்கு அழகு? மூக்கு நல்லா இருந்தா தோசை நல்லா வருமாமா?"

துஷ்யந்திக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அந்த மூக்கே அவர் கொடுத்ததுதான். நடுவில் புடைத்து, நுனியில் வளைந்து, அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே அச்சு. அவருக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது. அவளுக்கோ பள்ளிக்கூடத்தில் 'கிளி' என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. கொரோனா போய் வருஷக் கணக்காகியும், வேலை பார்க்கும் வங்கியில் இன்னும் மாஸ்க் போடுகிறவள் அவள் ஒருத்திதான். மத்தியானச் சோற்றைக்கூடச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

தழும்பே வெளியில் தெரியாமல், மூக்குக்கு உள்பக்கமாகவே வெட்டிச் சரிசெய்யலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்குப் பறந்து வந்தாள். அப்பா அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவள் மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொஞ்ச நாள் பொறு, புள்ள" என்றார். அவ்வளவுதான். அதோடு மூன்று மாதம் ஓடிவிட்டது. அவர் வாயால் சரி என்று வராமல் ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"என்னையப் பொறுக்கச் சொல்லிட்டு அவரு முந்திக்கிட்டாரு பாத்தீங்களாம்மா?"

"அவரு எதுலதான் முந்தல? கடையில மொதத் தோசை யாருக்கு?"

அதுவும் உண்மைதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் செல்லச்சாமிக்குச் சின்னதாக ஒரு தோசைக் கடை. விடிந்ததும் கல்லில் ஊற்றுகிற முதல் தோசையைச் சுரண்டி எடுத்து, நின்றபடியே தன் வாயில் போட்டுக்கொள்வார். முதல் ஆளாக வந்து நிற்கும் ஓட்டோக்கார வீரய்யா, "என்னா முதலாளி, பசியோட நிக்கிறவன் நானு, சாப்புடுறது நீங்களா?" என்று தினமும் கேட்பார். அப்பா பதிலுக்குச் சிரிப்பதோடு சரி.

"இன்னிக்கு வரட்டும், கேக்குறேன்" என்றாள் பரிமளம்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். சனிக்கெழம நானே போயி நேர்ல கேக்குறேன்."

கையும் களவுமாகப் பிடித்தால்தான் அவளுக்கு ஆறும் போலிருந்தது.

சனிக்கிழமை கிளினிக்கின் கடைசிக் கதிரையில் உட்கார்ந்து, விரித்த பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார் செல்லச்சாமி. பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"கடைய யாருப்பா பாக்குறா?"

பத்திரிகை மெல்ல இறங்கியது. "நீ எப்பிடி இங்க?"

"எனக்கு வேணாம்னுட்டு நீங்க செஞ்சுக்க வந்திருக்கீங்க. வெக்கமா இல்லையா?"

"வேணாம்னு எங்க சொன்னேன்? பொறுன்னுதான் சொன்னேன்."

"எதுவரைக்கும் பொறுக்கணும்? உங்க மூக்கு ஆறுற வரைக்குமா?"

"ஆமா" என்றார் அவர்.

துஷ்யந்தி அவரை முறைத்தாள். இப்படியும் ஒரு மனுஷனா?

அந்த நேரம் பார்த்து நர்ஸ் றிஸானா படிவத்தோடு வந்தாள். "ஐயா, எல்லாம் எழுதி ஈக்கிறீங்க. ஆபரேஷன் என்னத்துக்குன்ற எடம் மட்டும் சும்மா கெடக்கு. என்ன எழுத?"

செல்லச்சாமி மகளைப் பார்த்தார். தயங்கித் தயங்கிச் சட்டைக் கையை மேலே சுருட்டினார். தோசைக் கல்லில் எப்போதோ சுட்டுக்கொண்ட இடம். காயம் ஆறிப் பல வருஷம். ஆனாலும் ஒரு விரல் கனத்துக்குத் தடித்து, மினுமினுவென்று இருந்தது.

"எனக்கு வெட்டுனாலும் சுட்டாலும் இப்பிடித்தாம்மா தடிச்சுப் போவும். இவளுக்கு என் மூக்கு. தோலும் என்னோடதா இருந்துட்டா? தழும்பு தெரியாதுன்னு டாக்டர் சொன்னாராம். சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் மொதல்ல என்னோடதுல வெட்டிப் பாக்கட்டும். நல்லா வந்துச்சுன்னா அப்புறம் இவளுக்குச் செய்யட்டும். அப்பிடி எழுதுங்க."

றிஸானா பேனாவை மூடிவிட்டாள்.

துஷ்யந்தி மாஸ்க்கை இழுத்துக் கழற்றினாள்.

"அப்பா... உங்க மூஞ்சி கெட்டுப்போச்சுன்னா?"

"போவட்டும் புள்ள. கல்லு பதத்துக்கு வாறதுக்கு முந்தி ஊத்துற மொதத் தோசை பிஞ்சுதான் வரும். அத நான் என்னிக்காச்சும் யாருக்காவது குடுத்திருக்கேனா?"