பல் விளக்கும் பாட்டு

இதுவரை வந்ததிலேயே ஆகச் சிறந்த ஆல்பம் எது என்று இசை ரசிகர் மன்றத்தில் விவாதம் நடந்தபோது, ஜெயசீலன் எழுந்து 'தெற்குச் சன்னல்' என்றான்.

"அதெல்லாம் பல்லு வெளக்கும்போது கேக்குற பாட்டுய்யா," என்றான் தலைவன் வில்வநாதன். மன்றமே சிரித்தது. அன்றோடு ஜெயசீலனுக்கு 'பேஸ்ட்டு' என்று பெயர் விழுந்தது. அவன் மகள் கல்யாணப் பந்தியில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வில்வநாதன் செத்த வீட்டுக்கு ஜெயசீலன் முதல் ஆளாகப் போனான்.

"அவருக்குப் புடிச்ச பாட்டா போடுங்கண்ணே," என்றாள் வில்வநாதனின் மனைவி கோமளா.

வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் 'தெற்குச் சன்னல்' பாட்டுகளை ஓடவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்த்து, 'கேளுடா, இப்ப சிரி' என்று மனதுக்குள் சொன்னான்.

கோமளா உடைந்து அழுதாள். "எப்படிண்ணே தெரிஞ்சுது? யாரும் இல்லாதப்ப இதைத்தான் கேப்பாரு. வெளிய சொல்லிடாதேம்பாரு."

ஜெயசீலனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கிறான்.

மன்றத்துக்காரர்கள் மாலையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஜெயசீலன் பாட்டை நிறுத்தினான்.

"அழாதம்மா," என்றான். "இப்ப சொன்னதை இவங்க முன்னாடி இன்னொரு தடவ சொல்லு."