நான்கு பேட்டரிகளும் ஒரு கேப்டனும்

சனி ஞாயிறுக்கு வந்துபோகும் உல்லாசப் படகுகள் நிறைந்தது குவாத்தமாலாவின் ரியோ துல்சே ஆறு. அதில் நங்கூரமிட்டு நின்ற அந்த வெள்ளைப் பாய்மரப் படகில் சகல வசதியும் இருந்தது, மின்சாரம் ஒன்றைத் தவிர.

அர்னுல்போ எஞ்சின் சாவியைத் திருகினார். 'டிக்' என்றது. மறுபடி திருகினார். இந்த முறை அந்த 'டிக்'கும் இல்லை.

மணி காலை எட்டு. மாலையில் கடல் நீர் ஏறும்போது ஆற்று முகத்து மணல்திட்டைத் தாண்டியாக வேண்டும். அதற்குப் பகல் ஒரு மணிக்குள் இங்கிருந்து கிளம்ப வேண்டும். எஞ்சின் இல்லாமல் தாண்டப் பார்த்து அந்த மணலில் குந்திய படகுகளை வரிசையாக நிறுத்தினால் கரீபியக் கடலுக்கே வேலி போட்டுவிடலாம். தாண்டிவிட்டாலோ, ரோவாத்தான் தீவில் இந்தப் படகை வாங்கப் பணத்தோடு ஒருவர் காத்திருக்கிறார். நாளை ஒரு நாள்தான் காத்திருப்பார். அதற்கு மேல் போனால் வேறு படகு வாங்கிவிடுவார்.

அர்னுல்போ வழியே போன மோட்டார் படகுக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, கரையில பேட்டரி பார்க்கிற ஆள் யாராவது இருந்தா அனுப்பிவிடுப்பா. அவசரம்!"

அரை மணியில் ஒரு சிறிய ரப்பர் படகு வந்து ஒட்டியது. அதிலிருந்து ஏறியவரின் சட்டையைப் பிழிந்தால் ஒரு லாரிக்கு எண்ணெய் மாற்றலாம். கையில் கருவிப் பெட்டி. அர்னுல்போவின் வெள்ளைக் கால்சட்டையையும் தங்கக் கயிறு வைத்த தொப்பியையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரையில சொன்னாங்க. இந்தப் படகுல பேட்டரி போயிடுச்சாமே, கேப்டன்?"

"சுத்தமா போயிடுச்சு மேஸ்திரி. உங்க பேரு?"

"சிப்ரியானோ."

இந்த ஆற்றுப் பேட்டரி மேஸ்திரிகளைப் பற்றி அர்னுல்போ நிறையக் கேள்விப்பட்டிருந்தார். துள்ளி விளையாடும் பேட்டரிக்கும் மரணச் சான்றிதழ் எழுதிவிட்டு, புதிதாக நான்கைத் தலையில் கட்டுவார்களாம். செத்ததாகச் சொன்னதைப் பக்கத்துப் படகில் புதிது என்று விற்பார்களாம். அதனால் கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றார்.

சிப்ரியானோ நேராகப் போய், படுக்கைக்கு அடியிலிருந்த பலகையைத் தூக்கி மீட்டரை வைத்தார்.

"மூணு வோல்ட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு. ஃப்ரிட்ஜை ஓடவிட்டுட்டு ஊருக்குப் போனா இதுதான் கதி."

"ஆமா மேஸ்திரி, மறந்துபோயிட்டேன்."

"ஓ, நீங்களா மறந்தீங்க?"

"பின்னே? சோலார் சார்ஜரைப் போட்டா சிவப்பு விளக்கு கண்ணடிக்குது."

"கண்ணடிக்கத்தான் செய்யும். இவ்வளவு கீழ போயிட்டா, அங்க பேட்டரின்னு ஒண்ணு இருக்கிறதையே சார்ஜர் நம்பாது. பக்கத்துல ஒரு நல்ல பேட்டரியைச் சேர்த்துக் கட்டி, அதைக் கொஞ்சம் ஏமாத்தணும்."

ஏமாற்றுவதில் கைதேர்ந்தவன் போலிருக்கிறதே என்று அர்னுல்போ நினைத்துக்கொண்டார்.

"அந்த நல்ல பேட்டரியை வெச்சு நேரா எஞ்சினையே கிளப்பிடுங்களேன். ஓட ஓட அதுவே ஏத்திக்குமே?"

"நாலும் கொலைப்பட்டினி கிடக்குது கேப்டன். எஞ்சின்ல மின்சாரம் ஏத்தற ஆல்டர்னேட்டரை ஒரே மூச்சுல உறிஞ்சிப் பொசுக்கிடும். மணல்திட்டுல புகை வந்தா, நீங்க இறங்கித் தள்ளுவீங்களா?"

அர்னுல்போ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கரைக்குக் கொண்டுபோய் மெதுவாத்தான் ஏத்தணும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் திரும்பிடறேன்."

"முன்பணம்?"

"ஒண்ணும் வேணாம்."

இதுதான் அர்னுல்போவை நிஜமாகவே கலங்கடித்தது. முன்பணம் வேண்டாம் என்ற மேஸ்திரியைக் குவாத்தமாலா நாடு பிறந்ததிலிருந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் என்ன செய்வது? இந்த ஆளை விட்டால் இன்றைக்கு வேறு ஆள் கிடையாது.

பேட்டரி ஒவ்வொன்றும் கர்ப்பிணி எருமையின் கனம். சிப்ரியானோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரப்பர் படகில் உட்கார்ந்துவிட்டார். அர்னுல்போவே நான்கையும் கழற்றி, நான்கையும் தூக்கி, நான்கையும் இறக்கினார். வெள்ளைக் கால்சட்டை கரிக்கடைக் கோணியானது.

"பார்த்து கேப்டன், இடிச்சிடாதீங்க! படகு பெயின்ட் போயிடப்போகுது."

"என் படகு பெயின்டைப் பத்தி உமக்கென்னய்யா கவலை?"

"நல்ல பெயின்டாச்சே, அதான் சொன்னேன்."

போகும் முன் ஒரு வாய் காபி கேட்டார். அர்னுல்போ ஐந்து அலமாரிகளைத் திறந்து மூடியபின்தான் காபி டப்பா அகப்பட்டது. சிப்ரியானோ சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "உங்களை மாதிரி உதவி பண்ற மனுஷனை இந்த ஆத்துல நான் பார்த்ததே இல்ல," என்று சொல்லிக் கிளம்பினார்.

பன்னிரண்டு ஆனது. ரப்பர் படகு வரவில்லை. ஒரு மணி ஆனது. ரோவாத்தான் மனிதரின் பணம் அர்னுல்போவின் கண்ணெதிரே கைகாட்டிவிட்டுப் போனது. சிப்ரியானோவின் முன்னோர்களில் ஏழு தலைமுறையை அவர் பெயர் தெரியாமலேயே திட்டி முடித்திருந்தார்.

ஒன்றரைக்குப் போலீஸ் படகு வந்தது. இரண்டு போலீஸ்காரர்கள். நடுவில் அதே எண்ணெய்ச் சட்டையில் சிப்ரியானோ! காலடியில் நான்கு பேட்டரிகள்.

பயல் பிடிபட்டுவிட்டான்! அர்னுல்போ தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேல்தளத்துக்கு ஓடினார்.

"அவன்தான் சார்! திருட்டுப் பய! பட்டப்பகல்ல என் நாலு பேட்டரியையும் கொண்டுபோயிட்டான்! விடாதீங்க அவனை!"

பெரிய போலீஸ்காரர் அவசரமே இல்லாமல் நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"பேட்டரி அவரோடது, படகும் அவரோடது. அதுல ஏறி நிக்கிற நீங்க யாருன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம், கேப்டன்."