மார்புப் பட்டை

பெற்றவள் நறுமுகைதான். ஆனால் குழந்தை எப்படி இருக்கிறது என்று வீட்டில் எல்லாரும் அதன் மார்பில் ஒட்டியிருந்த, மூச்சைக் கணித்துச் சொல்லும் பட்டையைத்தான் கேட்டார்கள். "மூச்சு சீரா இருக்கு" என்று அது சொன்னால்தான் மாமியாருக்குச் சோறு இறங்கும். நறுமுகைக்கு வயிறு எரிந்தது. இன்று காலை குளிப்பாட்டக் கழற்றியதைத் திரும்ப ஒட்டாமல், சார்ஜ் ஏறுகிறது என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் குழந்தை பால் குடிக்கவில்லை. மூச்சு இரைத்தது, இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"ஏங்க, நிமோனியாங்க! நான்தான் முதல்ல பாத்தேன்!" என்று புருஷனிடம் கத்தினாள். குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "காலையிலயே பட்டை சொல்லியிருக்குமேம்மா?" என்றார். அவள் குழந்தையின் வெறும் மார்பைத் துண்டால் மூடினாள். ஆக்சிஜன் வைத்து, நர்ஸ் புதுப் பட்டை ஒட்டினாள்.

"மூச்சு சீராகிக்கிட்டு வருது" என்றது அது.

நறுமுகை குனிந்து பட்டையிடம் கெஞ்சினாள்: "கண்ணு, இன்னொரு தடவை சொல்லு."